டாக்டரிடம் சொல்லாமல் விட்ட வெள்ளித் தண்ணீர்

என் கைவிரல் நகங்களின் அடியில், பிறை போல வெள்ளையாக இருக்க வேண்டிய இடம், சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் இருக்கிறது. ஈறுகளின் ஓரத்திலும் மெல்லிய சாம்பல் கோடு ஓடுகிறது. மருதாணி போட்டு மறைக்கலாம் என்று பார்த்தேன், பிறை மறையவில்லை. வீட்டில் செய்து குடித்த வெள்ளித் தண்ணீரால் இது எப்படி வந்தது என்பதை முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். 2023 ஜூலையில் இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், பதினான்கு மாதமும் ஏறக்குறைய 45,000 ரூபாயும் மிச்சமாகியிருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் கருங்கலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் சவுதியில். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு வந்து, தினமும் காலையில் 75 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறேன். அது ஒரு தொல்லையாகவே இருந்ததில்லை. என் தொல்லை சைனஸ். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் துணி காயாது, சுவர் காயாது, ரப்பர் தோட்டத்து ஈரம் வீட்டுக்குள்ளேயே நிற்கும். அந்த ஜூனில் நீர்க்கோர்வை பிடித்து, குனிந்து தைக்க முடியாத அளவுக்குத் தலைபாரம். ஆறு வாரத்தில் மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். ஆவி பிடித்தேன், நீர்க்கோவை மாத்திரையை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டேன். ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறுபடி அடைத்துக்கொள்ளும். உடம்பும் மனதும் சலித்துப்போய் இருந்த அந்த நேரத்தில்தான், மாமி மகள் ஒரு வீடியோவை அனுப்பினாள். வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் செய்து குடித்தால் எந்தக் கிருமியும் நிற்காது, ஆன்டிபயாடிக்கே தேவையில்லை என்று அதில் ஒருவர் விளக்கினார். கொலாய்டல் சில்வர் என்பது அதன் பெயர். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் மிதக்கும் தண்ணீர்.

நான் ஏன் உடனே நம்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் அதே காரணத்தால்தான் நம்புவீர்கள். நம் வீட்டுக் குழந்தைகளுக்கு வெள்ளிப் பாலாடையில்தான் பால் கொடுக்கிறோம். வெள்ளிக் கொலுசு போடுகிறோம். வெள்ளி கெடுதல் செய்யும் என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. போதாததற்கு, மகன் காலில் வெந்நீர் கொட்டியபோது டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பில் வெள்ளி சேர்ந்த மருந்துதான் இருந்தது, புண்ணும் நன்றாக ஆறியது. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பொய்யில்லை. ஆனால் தீப்புண் மேல் சில நாள் தடவுவது வேறு, மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. விழுங்கிய வெள்ளியில் பெரும்பகுதி வெளியேறிவிட்டாலும் ஒரு பங்கு உடம்பிலேயே தங்கிவிடும். அது உடம்புக்குத் தேவையான சத்தும் இல்லை. இந்த வித்தியாசத்தை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

முதல் தடவை அம்மாவின் பழைய கொலுசுத் துண்டுகள் இரண்டை எடுத்தேன். மூன்று 9 வோல்ட் பேட்டரிகளை ஒன்றோடொன்று இணைத்தால் 27 வோல்ட். இரண்டு கிளிப், ஒரு கண்ணாடி பாட்டில், வீட்டுக் குடிதண்ணீர். பத்து நிமிடத்தில் தண்ணீர் பால் போல வெளுத்தது, அடியில் கறுப்பாக அழுக்கு இறங்கியது. மருந்து தயாராகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, குடிதண்ணீரில் இருக்கும் உப்போடு சேர்ந்து அது வெள்ளி குளோரைடாக மாறியிருக்கிறது என்று. கொலுசில் செம்பும் கலந்திருக்கும், 92.5 சதவீத நல்ல வெள்ளி நகையிலேயே மீதியில் பெரும்பாலும் செம்புதான். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். நானோ இனி முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

கோட்டாற்றில் எங்கள் குடும்பத்துக்கு நகை செய்து தரும் வயதான ஆசாரி ஒருவர் உண்டு. அவரிடம் போய் சுத்த வெள்ளியில் இரண்டு கம்பி இழுத்துத் தரக் கேட்டேன். 20 கிராம், அன்றைய விலையில் கூலியோடு 1,760 ரூபாய். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் தன் விரல் நுனியைக் காட்டினார், கறை கறையாகக் கறுத்திருந்தது. "வெள்ளியை ஆசிட்டுல கரைச்ச தண்ணி பட்டது மக்களே, சோப்பு போட்டாலும் போவாது, தோல் உரிஞ்சாத்தான் போவும். நீ அதைக் குடிக்கியதுக்கா கேக்கிய?" என்றார். "இது வேற மாதிரி மாமா, இதுல ஆசிட்டு இல்ல" என்று வீடியோவில் கேட்டதை அவருக்கே திருப்பிச் சொன்னேன். அறுபது வருடம் வெள்ளியோடு வாழ்ந்த மனிதர். அவர் பேச்சைத் தள்ளிவிட்டு, பார்த்தே இராத ஒருவர் பேச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன். இங்கே ஒரு விஷயம். பேட்டரிக் கடையில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் காய்ச்சி வடித்த நீர் இல்லை, பல கேன்களில் இருப்பது உப்பு நீக்கிய தண்ணீர் மட்டுமே. பேட்டரிக்கு ஊற்றத்தான் அதைத் தயாரிக்கிறார்கள், குடிக்க அல்ல. கேனில் எழுதியிருப்பதைப் படிக்காமலே மூன்று மாதம் அதைத்தான் பயன்படுத்தினேன்.

செய்முறையில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேனோ அவ்வளவுக்கு எனக்குள் ஒரு தவறான தைரியம் வளர்ந்தது. கம்பியைத் துடைத்தேன், பாட்டிலைக் கொதிநீரில் கழுவினேன், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை 350 ரூபாய்க்கு வாங்கினேன். மீட்டரில் 10 என்று காட்டினால் 10 பி.பி.எம். வெள்ளி, அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று நோட்டில் எழுதி வைத்தேன். அது தப்பு. அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதை அளந்து, அதை உப்புக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. மிதக்கும் வெள்ளித் துகளை அது எண்ணாது. சிவப்பு லேசர் லைட்டை அடித்தால் ஒளிக்கோடு தெரியும், தெரிந்தால் துகள் இருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு என்று தெரியாது. தண்ணீரில் வெள்ளி சேரச் சேர மின்சாரம் இன்னும் வேகமாகப் பாய்ந்து, கம்பியும் வேகமாகக் கரையும். தைக்க உட்கார்ந்துவிட்டு மறந்துபோய், சில நாள் மணிக்கணக்கில் ஓடவிட்டிருக்கிறேன். மஞ்சளாகவும் பழுப்பாகவும் வந்த பாட்டில்களை வீரியம் கூடியது என்று நினைத்து எடுத்து வைத்தேன். நேற்றுச் செய்ததும் இன்று செய்ததும் ஒன்றாக இருந்ததே இல்லை. வீட்டில் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், ஒரு டம்ளரில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வீட்டில் வழியே கிடையாது.

என் நோட்டுக் கணக்கையே உண்மை என்று வைத்தாலும் அது எவ்வளவு பெரிய அளவு என்று பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தர அளவான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளிக்கு மேல் கூடாது என்கிறது. என் தண்ணீர் அதைப்போல 100 மடங்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, ஆயுள் முழுக்க தினமும் உடம்புக்குள் போனாலும் பாதகமில்லை என்று வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். என் எடை 62 கிலோ, அப்படியென்றால் ஒரு நாளைக்கு 0.31 மில்லிகிராம். நான் குடித்தது காலையில் ஒரு டம்ளர், இரவில் ஒரு டம்ளர், மொத்தம் 400 மில்லி, அதில் 4 மில்லிகிராம். பதின்மூன்று மடங்கு. இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. சட்டைக்கும் பாவாடைக்கும் அரை அங்குலம் பிசகாமல் கணக்குப் போடுகிறவள், என் வயிற்றுக்குள் போவதற்குப் போடவில்லை.

முதலில் அவ்வளவு குடிக்கவில்லை. ஜூலையில் 30 மில்லியில் தொடங்கினேன். மூன்று வாரத்தில் மூக்கு திறந்தது. நான் அழுதேவிட்டேன், அவ்வளவு நிம்மதி. இப்போது திரும்பிப் பார்த்தால், மழை ஓய்ந்து வெயில் வந்த வாரமும் அதுதான். அக்டோபரில் வடகிழக்கு மழை வந்து மறுபடி அடைத்தபோது, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்கவில்லை, அளவு போதவில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் இரண்டு டம்ளர் ஆனது. நம்பிக்கை வந்துவிட்டால் நோய் கூடினாலும் குறைந்தாலும் இரண்டையும் அதற்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கிறோம். இதே வேகத்தில் மற்றவர்களுக்கும் கொடுத்தேன். பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு பாட்டில், குலசேகரத்தில் இருக்கும் நாத்தனாருக்கு மாதம் இரண்டு பாட்டில். என் மகளுக்கு டான்சில் வீங்கியபோது பதினைந்து நாள் தினம் ஒரு ஸ்பூன். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் போய்விடும். பிறகு குழந்தை டாக்டரிடம் காட்டினேன். நகம், ஈறு, கண் எல்லாம் பார்த்துவிட்டு, அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம், இனிமேல் கொடுக்காதீர்கள் என்றார்.

2024 ஜனவரியில் உடம்பு வேறு மாதிரி தளரத் தொடங்கியது. காலையில் எழவே முடியாது. முடி கொத்தாகக் கொட்டியது, முகம் வீங்கியது, மலச்சிக்கல், மாதவிலக்கில் அளவுக்கு மீறிய போக்கு. பிப்ரவரியில் ரத்தப் பரிசோதனை செய்தேன். உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறையக் குறைய ஏறும் அளவு டி.எஸ்.எச்.; எனக்கு எப்போதும் 3-க்குப் பக்கத்தில் இருக்கும் அது 19 ஆகியிருந்தது. டாக்டர் நிதானமாகக் கேட்டார்: மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா, டீயோடு போடுகிறீர்களா, இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், நாட்டு மருந்து, வீட்டில் செய்தது ஏதாவது சேர்த்து எடுக்கிறீர்களா? இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கேலி செய்வார் என்ற வெட்கம் பாதி. அது மருந்தில்லை, வெறும் தண்ணீர்தானே என்ற நினைப்பு பாதி. அவர் 75-ஐ 100 ஆக்கினார். ஏப்ரலில் டி.எஸ்.எச். 24. மாத்திரை 125 ஆனது. ஜூனில் 22. நடுவில் இரும்புச் சத்துப் பரிசோதனை, ஈ.சி.ஜி., வயிற்று ஸ்கேன் என்று 9,000 ரூபாய் போனது. ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த கல்யாண ஜாக்கெட் வேலைகளைத் திருப்பி அனுப்பினேன், அதிலேயே 25,000 ரூபாய் நஷ்டம். கணவரிடம் போனில் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் நான் செய்துகொண்டிருந்தது ஒன்றுதான்: காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரையை அந்த வெள்ளித் தண்ணீரிலேயே விழுங்கினேன்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். நாம் போடும் தைராக்சின் என்ற அந்த மாத்திரையைக் கொலாய்டல் சில்வர் குடலில் சரியாக உறிஞ்சவிடாது. சில ஆன்டிபயாடிக்குகளுக்கும் அப்படித்தான். அதாவது, ஆன்டிபயாடிக்குக்குப் பதில் என்று சொல்லி நான் குடித்தது, டாக்டர் தரும் ஆன்டிபயாடிக்கையும் கெடுக்கக்கூடியது. மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில்தான் போட வேண்டும், சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாடிக்கையாளர் அளவு கொடுக்க நின்றபோது, என் கையைப் பிடித்து, "அக்கா, நகத்துல என்ன, அடிபட்டதா?" என்று கேட்டார். கடை வாசல் வெயிலில் பார்த்தேன். பத்து விரலிலும் பிறை நீலம் பாய்ந்திருந்தது. அடிபட்டிருந்தால் பத்திலும் இருக்காதே. அன்றிரவு கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறின் கோடும் தெரிந்தது. அப்போதுதான் ஆசாரியின் விரல் ஞாபகம் வந்தது. பயத்தில் வாய் உலர்ந்துவிட்டது. மறுநாளே பஸ் ஏறி நாகர்கோவிலில் தோல் டாக்டரைப் பார்த்தேன். இந்தத் தடவை முதல் வாக்கியத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சின்னத் தோல் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். வியர்வைச் சுரப்பிகளைச் சுற்றி வெள்ளித் துகள்கள் படிந்திருப்பதாக முடிவு வந்தது. ஆர்ஜைரியா என்று பெயர் சொன்னார். பழைய போட்டோ பிலிமில் வெளிச்சம் பட்டதும் வெள்ளி உப்பு கறுப்பதைப் போல, தோலில் தங்கிய வெள்ளியும் வெயில் பட்டுக் கறுக்கும், அதனால்தான் வெயில் படும் முகமும் கையும் அதிகமாக மாறும் என்று விளக்கினார். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மருந்து எதுவும் இதை எடுக்காது. சில வகை லேசரில் தோலின் நிறம் குறைந்தவர்கள் உண்டு. எனக்கு முகத்தில் வரவில்லை என்பதால் இப்போதைக்கு வேண்டாம், வெயிலில் குடையும் சன்ஸ்கிரீனும் போதும், குடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள் என்றார். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் நகப்பிறையையும் ஈறையும் பாருங்கள்.

நிறுத்தினேன். ஆனால் தைராய்டு டாக்டரிடம் அப்போதும் போய்ச் சொல்லவில்லை. பிப்ரவரியில் பொய் சொன்ன முகத்தோடு எப்படிப் போவது என்று தள்ளிப்போட்டேன். அக்டோபரில் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கி ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. வெள்ளி நின்றதும் 125 மாத்திரை முழுதாக உடம்பில் சேர்ந்து, அளவு கூடிப்போயிருந்தது. டி.எஸ்.எச். 0.1. அன்றைக்கு எல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் உங்களுக்கு மாத்திரையை ஏற்றியிருக்கவே மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். மறுபடி 75. டிசம்பரில் 2.8. இப்படி ஏதாவது குடித்துக்கொண்டிருந்து நிறுத்துகிறவர்கள், நிறுத்திய அன்றே மாத்திரை எழுதிய டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

உடம்பு தேறிய பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பால் கராசன் என்பவர் வருடக்கணக்கில் வீட்டில் செய்த வெள்ளித் தண்ணீரைக் குடித்து முகம் முழுக்க நீலமாகி, 2013-இல் இறக்கும்வரை அப்படியே இருந்தார். மொன்டானா மாநிலத்தில் 2002-இல் செனட் தேர்தலில் நின்ற ஸ்டான் ஜோன்ஸ், 2000-ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறில் மருந்து கிடைக்காமல் போகும் என்று பயந்து 1999-இல் இதைச் செய்து குடிக்கத் தொடங்கி, தோல் நீலச் சாம்பலானவர். அதே 1999-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் கொலாய்டல் சில்வர் மருந்துகள் எந்த நோய்க்கும் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டது. நான் குடிக்கத் தொடங்குவதற்கு இருபத்துநான்கு வருடம் முன்பே இதை எழுதி வைத்திருந்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் வெள்ளி பற்பம் இருக்கிறதே என்று நாத்தனார் கேட்டாள். எங்கள் பக்கத்துச் சித்த வைத்தியரிடமே கூட்டிப்போனேன். சுத்தி செய்து, புடம் போட்டு, அளவு பார்த்து, நாள் கணக்கு வைத்து வைத்தியர் கொடுப்பது அது, பேட்டரியில் கரைத்த தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொன்னார்.

கொடுத்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினேன். மாமி பாதிதான் குடித்திருந்தார், மீதியைக் கண்வலிக்குக் கண்ணில் விட்டிருக்கிறார் என்று கேட்டதும் எனக்கு உடம்பு நடுங்கியது. கண் டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன், பாதிப்பு இல்லை என்றார். நாத்தனாரின் கையை வெயிலில் வைத்து நகம் நகமாகப் பார்த்தேன், வெள்ளையாகவே இருந்தது.

கடைசியாகக் கம்பிகளை எடுத்துக்கொண்டு கோட்டாற்று ஆசாரியிடம் போனேன். அவர் எதுவும் கேட்காமல் தராசில் வைத்தார். 16 கிராம் 800 மில்லி. "20 கிராமில்லா மக்களே தந்தேன்?" என்றார். 3 கிராம் 200 மில்லி குறைந்திருந்தது. துடைத்துப் போட்ட கறுப்பு அழுக்கில் கொஞ்சம், கொட்டிய பாட்டில்களில் கொஞ்சம், மாமிக்கும் நாத்தனாருக்கும் மகளுக்கும் கொஞ்சம். மீதி என் வயிற்றுக்குள் போனது. மீட்டரும் லேசரும் நோட்டும் சொல்லாததை அந்தத் தராசு சொன்னது. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். அடுத்த தடவை நாகர்கோவில் போனபோது தோல் டாக்டர் அதை வாங்கி என் ஃபைலில் வைத்துக்கொண்டார்.